ரசமட்டம் அக்கா

குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அக்கா யாரோடும் பேச மாட்டார். காலை ஆறரை மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள், கொட்டாவி விட்டுக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்போம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூலையில், சுவரில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போட்ட ஒரு மேசை. அதன்மேல் கண்ணாடிக் குழாய்களை நிறுத்தும் ஒரு தாங்கி. தாங்கியின் தலையில், தரை ஓடு பதிப்பவர்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வைத்து, ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்ப்பார். குமிழி இம்மி விலகியிருந்தாலும் தாங்கியின் கால் திருகைத் திருப்புவார். நடுவில் நின்றதும், "ம், நின்னுடுச்சு. வாங்க, யாரு மொதல்ல?" என்பார். அன்றைக்கு அவர் பேசும் முதல் வாக்கியம் அதுதான்.

அந்த மேசையில் யாரும் சாயக்கூடாது, பை வைக்கக்கூடாது. பக்கத்தில் நின்று தும்மிய ஒருவரை, "வெளிய போய்த் தும்முங்க, இங்க ஆறு பேரோட ரத்தம் நிக்குது" என்று விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். காரணம், ஈ.எஸ்.ஆர். என்கிற பரிசோதனை. நீளக் குழாயில் ரத்தத்தை ஏற்றி நிமிர்த்தி வைத்தால் சிவப்பு மெல்ல அடியில் இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியதோ அதுதான் எண். உடம்புக்குள் அழற்சி கூடினால் எண்ணும் கூடும். முடக்குவாதக்காரர்களான எங்களுக்கு மாதாமாதம் வரும் மதிப்பெண் அது. என்ன, இந்தப் பரீட்சையில் மட்டும் குறைவாக வாங்கினால்தான் வீட்டில் சந்தோஷம்.

"குழாய் ஒரு பக்கம் லேசா சாஞ்சா போதும், புரூஃப் சார். ரத்தம் சுவரைப் புடிச்சுக்கிட்டுச் சறுக்கிடும். நல்லா இருக்கிறவனும் நோயாளி ஆயிடுவான்" என்று ஒருநாள் எனக்குப் பாடம் நடத்தினார். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அதனால் அங்கே எனக்கு அந்தப் பெயர். அந்தப் பாடத்தை நான் இவ்வளவு நன்றாக நினைவில் வைத்திருப்பேன் என்று தெரிந்திருந்தால் அவர் வாயையே திறந்திருக்க மாட்டார்.

ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வருடமாக இதே கூடம். மனிதர்களை முகத்தால் அவருக்கு அடையாளம் தெரியாது, முழங்கை மடிப்பால்தான் தெரியும். ஒருமுறை பேருந்தில் எதிரே நின்று வணக்கம் சொன்னேன். யாரோ எவரோ என்று பார்த்தார். சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினேன். "அடடே, நம்ம புரூஃப் சார்! நழுவுற நரம்பு!" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நரம்புகளோடு தனியாகப் பேசும் வழக்கமும் உண்டு. "எங்க ஓடுற, நில்லு, ஒரே ஒரு குத்துதான்" என்பார். நாம் பதில் சொல்லக்கூடாது, அது நமக்கான பேச்சு இல்லை.

ஊசி ஏறியதே தெரியாது. அதற்காகவே பக்கத்தில் இருக்கும் பெரிய கூடத்தை விட்டுவிட்டு இங்கே வருகிறவர்கள் பலர். அக்கா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். வேறு யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

அவருக்கென்று ஒரு வாக்கியம் இருந்தது: "ரத்தம் பொய் சொல்லாது, ஆளுதான் சொல்லும்." மாத்திரையை விட்டுவிட்டு, விடவில்லை என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தவர், பிறகு எல்லோருக்கும் சொன்னார். பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவும் ஒரு பெண், விரல் மடங்கவில்லை என்று அழுதுகொண்டே வந்து ரத்தம் கொடுத்தார். எண் பதினெட்டு. "எல்லாம் நார்மல்தான். போய் வேலையப் பாரும்மா. ரத்தம் பொய் சொல்லாது" என்று அனுப்பினார். அந்தப் பெண் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். நானும் அங்கேதான் இருந்தேன். சரிதானே என்று தலையாட்டினேன் வேறு.

அக்காவின் விரல்கள் மடங்க மறுத்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

முதலில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பேனாவில் பழைய ரப்பர் பட்டை சுற்றியிருப்பதைப் பார்த்தேன். செருப்பில் பக்கிள் போய் ஒட்டும் பட்டை வந்தது. சாவிக் கொத்தில் ஒரு கரண்டிக் காம்பு தொங்கியது; அதைச் சாவியின் ஓட்டையில் கொடுத்துத் திருப்பினால்தான் பூட்டு திறக்கும். ஆறரை மணி வேலைக்கு ஐந்து மணிக்கே வந்து, கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, பேசினில் ஊற்றி இரண்டு கையையும் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று வரவேற்பில் இருக்கும் பெண் சொன்னாள். அக்காவைக் கேட்டேன். "நான் நாலு மணிக்கு முழிச்சிடறேன் சார். இதுங்கதான் பத்து மணிக்கு முழிக்குதுங்க" என்று விரல்களைக் காட்டினார், வேறு யார் வீட்டுப் பிள்ளைகளையோ குறை சொல்வது போல.

மூட்டு மருத்துவர் ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்து, முடக்குவாதம்தான் என்று சொல்லி மாத்திரை எழுதிவிட்டார். சிலருக்கு ரத்தத்தில் தெரியாமலும் இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். அக்காவின் ரத்தத்திலும் தெரியவில்லை. ஈ.எஸ்.ஆர். இருபத்திரண்டு, இருபத்திநாலு. அழற்சியைக் காட்டும் இன்னொரு பரிசோதனையான சி.ஆர்.பி.யும் இருக்கவேண்டிய இடத்தில். மற்ற இரண்டு பரிசோதனைகளும் இல்லை என்று கைவிரித்துவிட்டன. நாலையும் தன் கையாலேயே செய்து, தானே படித்து, தானே கையெழுத்துப் போட்டார். "பத்தொம்போது வருஷம் இதுக்கு நான் சேவகம் பண்ணினேன். எனக்குன்னு வரும்போது வாயத் தொறக்க மாட்டேங்குது பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். என் எண் அறுபத்தெட்டு. போன வருடம் வலி இருந்தது, வாஸ்தவம். இந்த வருடம் மாத்திரை பிடித்துக்கொண்டதோ என்னவோ, காலையில் பத்து நிமிடம் முரண்டு பிடித்துவிட்டு விரல்கள் வழிக்கு வந்துவிடுகின்றன. எண் மட்டும் இறங்கவில்லை. அதனால் என் மனைவி என்னை ஒரு வாளி தூக்க விடுவதில்லை. அச்சகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. பக்கத்து மேசைக்காரர் எனக்கும் சேர்த்துத் தாள்களைச் சுமக்கிறார். நானும் அவ்வப்போது முகத்தைச் சுளித்துக்கொள்வேன். "நம்பரை வச்சுக்கிட்டு ஊரையே ஏமாத்துறீங்க" என்று அக்கா சொல்வார். அது பொய்யில்லை.

அக்காவின் கணவர் தரை ஓடு பதிப்பவர். ரசமட்டம் அவர் கொடுத்ததுதான். நல்ல மனிதர். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? "மட்டம் வச்சுப் பாத்தா குமிழி நடுவுல நிக்குது. அப்புறமும் தரை சரியில்லைன்னா நான் என்னத்தப் பண்றது?" என்று என்னிடமே கேட்டார். வீட்டில் தண்ணீர்க் குழாயை அவர் இறுக்கி மூடிவிட்டுப் போவார். அக்கா திறக்க முடியாமல் நிற்பார். மறுநாளும் இறுக்கி மூடுவார். வேண்டுமென்று இல்லை, சொட்டுவது பிடிக்காது, அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு முதியவரின் கையில் அக்காவின் ஊசி முதல்முறையாகத் தவறியது. இரண்டாவது முறையும் தவறியது. அவர், "பரவால்லம்மா" என்றார். அக்கா அன்று சாப்பிடவில்லை. "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா நானே ஊசிய வச்சிட்டுப் போயிடுவேன் சார். யாரும் சொல்ல வேணாம்" என்றார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் மாலை முறை வேலை. அதற்குள் விரல்கள் விழித்துவிடும், ஊசி கையில் நிற்கும். மாலை முறையில் இருந்தவர் வேறு வேலைக்குப் போகிறார், இடம் காலியாகிறது.

மேலாளர் வயதில் சின்னவர், மரியாதையானவர். "தாராளமா எடுத்துக்கங்க அக்கா. ஆனா உடம்பு காரணம்னா படிவம் இருக்கு" என்றார். படிவத்தில் ஒரு கட்டம்: ஈ.எஸ்.ஆர். முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும். மருத்துவர் கடிதத்தைக் காட்டினார் அக்கா. மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். "கடிதம் நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா நம்ம ரிப்போர்ட்டை நாமளே நம்பலேன்னா வெளில யாரு நம்புவாங்க அக்கா?" என்றார். எண் வராவிட்டால் ஊசியை விட்டுவிட்டு வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றும் பெரிய மனதோடு சொன்னார். திங்கட்கிழமைக்குள் புதிதாக ஒரு பரிசோதனை செய்து கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை என் ரத்தத்துக்கும் முறை. வழக்கமாக ரத்தம் கொடுத்ததும் கிளம்பிவிடுவேன்; அன்று இருந்தேன். எங்கள் ஆறு பேருக்கும் எடுத்து முடித்து, குழாய்களை நிறுத்திவிட்டு, கடைசியாகத் தன் இடது மேற்கையில் ரப்பர் பட்டையைச் சுற்றி, ரத்தம் எடுக்கும் மேசையில் நீட்டினார் அக்கா. "சார், இந்தப் பட்டையோட நுனிய இழுத்துப் பிடிங்க." பிடித்தேன். தன் நரம்போடு அவர் பேசவில்லை. ஏழாவது குழாயாகத் தன் ரத்தத்தை நிறுத்தினார். குமிழி பார்த்தார். நடுவில் நின்றது. கடிகாரத்தில் மணி ஏழு இருபது.

அப்போது வரவேற்பில் யாரோ சத்தம் போட, அக்கா எழுந்து போனார்.

நான் செய்ததை நியாயப்படுத்தப் போவதில்லை. என் பையில் பள்ளிப் பாடநூல் ஒன்றின் திருத்திய தாள் இருந்தது. அதை ஐந்தாக மடித்தேன். தாங்கியின் பின்கால் இரண்டுக்கும் அடியில் சொருகினேன். முப்பதைத் தாண்ட எட்டு மில்லிமீட்டர் தேவை. அதைக்கூடச் செய்யாவிட்டால் பழகி என்ன பிரயோசனம் என்று தோன்றியது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காரியம் செய்தவன் முகத்தை வைத்துக்கொண்டேன்.

எட்டு இருபதுக்கு அக்கா வந்தார். நேராக ஏழாவது குழாயிடம் போனார். குனிந்தார். மறுபடி குனிந்தார். "முப்பத்திமூணு" என்றார். "முப்பத்திமூணு சார்!" உடனே கணவருக்குத் தொலைபேசி. "ஏங்க, முப்பத்திமூணு வந்திருக்கு! ஆமாங்க, எனக்குத்தான்! நான் சொன்னேன்ல, வலிக்குதுன்னு சொன்னேன்ல!" நோய் இருக்கிறது என்று தெரிந்து ஒருவர் இத்தனை சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணில் நீர் நின்றது. எனக்கும் நின்றது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா இழுப்பறையைத் திறந்து ரசமட்டத்தை எடுத்தார்.

குழாய்களை நிறுத்தும்போது பார்ப்பதுதான் எனக்குத் தெரியும். எடுக்கும்போதும் ஒருமுறை பார்ப்பார் என்பது தெரியாது. ஒருநாளாவது ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால்தானே! குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. அக்கா தாங்கியின் அடியில் கையை விட்டுத் துழாவி, தாளை இழுத்து, மெதுவாகப் பிரித்தார். உள்ளே முழுக்க என் சிவப்பு மையும் என் கையெழுத்தும்.

நான் தரையைப் பார்த்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க குழாய் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க சார்" என்றார்.

பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு.

"அதுக்கு அடுத்தது அந்தப் பள்ளிக்கூடச் சமையல்கூடத்து அம்மா. போன வருஷத்துலேருந்து மறுபடி வராங்க. இப்பதான் மாத்திரையக் குறைக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இந்த நம்பரோட போனா நாளைக்கு ரெண்டு மாத்திரை கூடும். அதுக்கு அடுத்தவரு லாரி ஓட்டுறவரு, வேலைக்குச் சேரத் தகுதிச் சான்று வாங்க வந்தவரு. இதப் பாத்தா அவரை வண்டியில ஏத்துவாங்களா?" ஒவ்வொரு குழாயாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்து, ஏழாவதில் நிறுத்தினார். அட மடையா, ஒரே தாங்கியில்தானே எல்லோரும் நிற்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பிழையை நான் விட்டதில்லை. பிழை பார்ப்பதுதான் என் தொழில்.

ஏழு குழாயையும் கொட்டினார். "யாருக்கும் தெரிய வேணாம்க்கா, உங்களோடது மட்டும்..." என்று ஆரம்பித்தேன். "வாய மூடிட்டுப் போன் பண்ணுங்க" என்றார். ஐந்து பேரையும் நானே தொலைபேசியில் அழைத்தேன். எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் உடனே வந்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். லாரி ஓட்டுநர் கத்தினார். என்ன ஆச்சு என்று ஓடிவந்த மேலாளரிடம், "தாங்கி சாஞ்சிருந்துச்சு. நான் கவனிக்கலை" என்றார் அக்கா. பத்தொன்பது வருடத்தில் முதல் புகார். மேலாளர் அதை ஏட்டில் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கப் போனேன்; அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

மணி ஒன்பதுகூட ஆகவில்லை. விரல்கள் விழிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மறுபடி கெண்டி, மறுபடி வெந்நீர், மறுபடி ஐந்து முழங்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே குத்து. சமையல்கூடத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா, "விரலு இப்ப மடங்குதாம்மா?" என்று கேட்டார். "காலைல மடங்காதுக்கா. உங்களுக்கு என்ன தெரியும், நீங்க நம்பரப் பாத்துச் சொல்லுவீங்க" என்றார் அந்தப் பெண், கோபமில்லாமல்தான். "தெரியும்மா" என்றார் அக்கா. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு." அந்தப் பெண்ணுக்கு எது அன்றைக்கு, எது தப்பு என்று நினைவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தார்.

ஆறாவது, நான். ஏழாவதாகத் தன் கையை நீட்டினார். "வாங்க, நுனியப் பிடிங்க. இந்தத் தடவ பேப்பர மடிக்காம."

பதினொரு மணிக்கு எண்கள் வந்தன. எனக்கு அறுபத்தாறு. அக்காவுக்கு இருபத்துமூன்று. அவரே எழுதினார், அவரே கையெழுத்துப் போட்டார். ரப்பர் சுற்றிய பேனாவைக் கரண்டி பிடிப்பது போல முழுக்கையால் பிடித்து எழுதினார். கணவருக்கு மறுபடி தொலைபேசி செய்ததாகத் தெரியவில்லை.

மேலாளர் எங்கள் இருவரின் தாள்களையும் சேர்த்தே எடுத்துப் பார்த்தார். "இருபத்திமூணு. நல்ல செய்திதானேக்கா!" என்றார், உண்மையான மகிழ்ச்சியோடு. "படிவம் இப்போதைக்கு வேணாம். காலை முறையே இருக்கட்டும். கஷ்டமா இருந்தா வரவேற்பு இருக்கவே இருக்கு." பிறகு அடுத்த தாளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டு, "சார், நீங்க எதுக்கு நிக்கிறீங்க? அறுபத்தாறு சார்! மொதல்ல உக்காருங்க" என்று என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?

வரிசையில் ஒருவர் காத்திருந்தார். அக்கா புதிய ஸ்பிரிட் புட்டியை எடுத்தார். பத்து மணிக்கு விழித்திருக்க வேண்டிய விரல்கள் இரட்டை வேலை செய்து மறுபடி விறைத்துப்போயிருந்தன. மூடியை உள்ளங்கையால் திருகிப் பார்த்தார். வெள்ளைக் கோட்டின் முனையைச் சுற்றித் திருகினார். புட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மணிக்கட்டால் திருகினார். மூடி அசையவில்லை. மேலாளர் அறுபத்தாறைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. வரிசையில் இருந்தவரின் முழங்கையைப் பார்த்தபடியே, புட்டியை மேசைமேல் என்னை நோக்கி நகர்த்தினார். நான் நாற்காலியை விட்டு எழுந்து, ஒரே திருகில் திறந்து, அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.